சாவடியும் பட்டறையும்: சமாதான, சமூக நீதிக் கூடல்கள் குறித்து ஒரு மதிப்பீடு

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லியை ஒட்டி அமைந்துள்ள குமணன்சாவடி என்னும் ஊரின் பெயரில் சிந்தனைக்குரிய இரு சொற்கள் இணைந்துள்ளன. குமணன் என்பது சங்க இலக்கியம் போற்றும் ஒரு வள்ளலின் பெயர். நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் இருந்த காலத்தில், தன்னை நாடி வந்த பெருந்தலைச் சாத்தனாருக்குக் கொடுக்க வேறு பொருள் இல்லாமையால், தன் தலையைக் கொண்டுசென்று பரிசு பெறுமாறு வாளை நீட்டியவன் அவன் என்று புறநானூறு அவனை நினைவில் வைத்திருக்கிறது. சாவடி என்பது வழிப்போக்கர் தங்குவதற்கும், ஊரார் கூடி வழக்குகளைப் பேசித் தீர்ப்பதற்கும் பயன்பட்ட பொதுவிடம். அதற்குக் கதவு இருந்ததில்லை, அழைப்பிதழும் இருந்ததில்லை. முறையீடு உள்ள எவரும் அங்கே வந்து அமரலாம். கூடுதல், கொடுத்தல் ஆகிய இவ்விரு பண்புகளையும் மனத்தில் இருத்திக்கொண்டு, நம் காலத்தின் ஒரு பொதுவழக்கத்தை இங்கு மதிப்பிட விழைகிறோம்.

சமாதானம், சமூக நீதி, மனித உரிமை, சமய நல்லிணக்கம் என்னும் பெயர்களில் நடத்தப்பெறும் கூட்டங்களும் பயிற்சிப் பட்டறைகளும் கடந்த முப்பது ஆண்டுகளில் தமிழ் முஸ்லிம்களின் பொதுவாழ்வில் நிலையானதோர் இடத்தைப் பெற்றுவிட்டன. அவற்றின் அமைப்பு நம் வாசகர்களுக்கு நன்கு பழக்கமானது. காலையில் பெயர்ப் பதிவு, வரவேற்புரை, பொன்னாடை, பின்னர் சிறப்புரைகள், நண்பகலுக்குப் பின் பங்கேற்பாளர்கள் குழுக்களாகப் பிரிந்து, பெரிய தாள்களில் சிக்கல்களையும் தீர்வுகளையும் எழுதி ஒட்டுதல், மாலையில் தீர்மானங்கள், சான்றிதழ்கள், நன்றியுரை. வருவோர் பெரும்பாலும் முன்னரும் வந்தவர்களே. பேசப்படுபவை பெரும்பாலும் முன்னரும் பேசப்பட்டவையே. இதனைக் கேலிக்காகச் சொல்லவில்லை. நல்லெண்ணமும் உழைப்பும் பொருளும் செலவிடப்படும் ஒரு பணி, தான் எண்ணிய பயனைத் தருகிறதா என்று கேட்பது அப்பணியை மதிப்பதன் அடையாளமே ஆகும்.

இக்கூடல்கள் எத்தகைய சூழலில் பெருகின என்பதை மறந்துவிட்டு அவற்றை எடைபோடுவது நேர்மையன்று. 1992ஆம் ஆண்டு டிசம்பரில் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டதன் அதிர்வு தமிழகத்தையும் எட்டியது. 1997 நவம்பர் இறுதியில் கோயம்புத்தூரில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று அதே நகரில் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகள் 58 உயிர்களைக் குடித்தன. அந்நாட்களில், அண்டை வீட்டாரோடு பேசுவதற்கே தயக்கம் நிலவிய காலத்தில், பல சமயத்தாரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்ததே ஒரு சாதனை. அச்சத்தைக் குறைப்பதும், முகம் அறியாதோரை முகம் அறியச் செய்வதும் சிறிய பயன்கள் அல்ல. ஆயின் அச்சத்தைக் குறைக்க உருவான ஒரு வடிவம், அநீதியைக் களைவதற்கும் அப்படியே போதுமானது என்று கருதப்பட்டதிலிருந்துதான் நம் சிக்கல் தொடங்குகிறது.

தீர்மானத்தின் எல்லை

குமணன்சாவடிக்கு அருகிலுள்ள ஆவடி, இந்நாட்டின் வரலாற்றில் இடம்பெற்றதே ஒரு கூடலால்தான். 1955 ஜனவரியில் யு. என். தேபர் தலைமையில் அங்கு கூடிய இந்திய தேசிய காங்கிரஸ், சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே தன் குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேற்றியது. செல்வமும் உற்பத்தியும் ஒரு சிலர் கையில் குவியாமல் நியாயமாகப் பகிரப்பட வேண்டும் என்னும் அந்த நோக்கம் உயர்ந்ததே. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் மொழியிலும் அது இடம்பெற்றது. ஆவடி என்னும் பெயரே சில காலம் அத்தீர்மானத்தின் மறுபெயராக வழங்கியது.

தீர்மானம் வயலை எட்டியதா? 1961ஆம் ஆண்டுத் தமிழக நிலச் சீர்திருத்தச் சட்டம் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என உச்சவரம்பு விதித்தது. விதிவிலக்குகளும் பினாமிப் பதிவுகளும் அச்சட்டத்தின் கூர்மையை மழுங்கச் செய்தன. ஆவடி மாநாடு நடந்து பதினான்கு ஆண்டுகள் நிறைவதற்குள், 1968 டிசம்பர் 25 அன்று, கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் பெரும்பாலோர்.

அந்நிகழ்வுக்குப் பின் அவ்வூருக்குச் சென்றவர்களுள் சர்வோதய ஊழியர்களான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் இணையர் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் வந்து பேசிவிட்டுத் திரும்பவில்லை, அப்பகுதியிலேயே தங்கினர். அவர்கள் கூட்டிய கூட்டங்களில் பேசுபொருள் இந்த ஊரில், இந்த உடைமையாளரிடம் உள்ள, இந்த நிலத்தை, இந்தக் குடும்பங்களுக்கு எவ்வாறு பெற்றுத் தருவது என்பதாக இருந்தது. 1981இல் அவர்கள் நிறுவிய லாஃப்டி என்னும் உழுவோர் நில விடுதலை அமைப்பு, நிலவுடைமையாளர்களோடும் வங்கிகளோடும் அரசோடும் பேசி, ஆயிரக்கணக்கான ஏக்கர்களை நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, பெண்களின் பெயரில், பதிவுசெய்து கொடுத்தது. ஆவடியில் சமுதாயம் முழுவதற்குமாகப் பேசப்பட்டது. நாகைப் பகுதியில் ஒரு துண்டு நிலத்துக்காகப் பேசப்பட்டது. நிலம் கைமாறியது இரண்டாவது இடத்தில்தான் என்பது நம் கவனத்துக்குரியது.

உலக அளவிலும் இதே வினா எழுந்ததுண்டு. 2004 ஜனவரி 16 முதல் 21 வரை மும்பையில் நடைபெற்ற உலக சமூக மாமன்றத்தில் பல நாடுகளிலிருந்தும் பல்லாயிரவர் திரண்டனர். தலித்துகள், மீனவர்கள், பழங்குடியினர், பெண்கள் அமைப்பினர் என இத்துணைத் தரப்பினரை ஒரே திடலில் கண்ட நிகழ்வுகள் குறைவு. ஆயினும் அம்மாமன்றத்தின் 2001ஆம் ஆண்டுக் கொள்கைச் சாசனப்படி, மாமன்றம் என்னும் முறையில் அது எந்த முடிவையும் எடுக்காது. அதன் பெயரால் பேச எவருக்கும் உரிமையில்லை. எல்லாத் தரப்பும் தம் தனித்தன்மையோடு கலந்துகொள்ள இந்த ஏற்பாடு துணைசெய்தது. ஆனால் பாதிக்கப்பட்ட ஒருவர் வந்து, எனக்காக நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், விடைசொல்லக் கடமைப்பட்டவர் அங்கு எவரும் இலர். அம்மாமன்றத்தின் தொடக்க நிகழ்ச்சியிலேயே அருந்ததி ராய், குறிப்பான இலக்குகளைத் தேர்ந்து செயல்பட வேண்டும் என்று வற்புறுத்தினார். எதிரே வேறொரு திடலில், இதே குறையைச் சுட்டி, மும்பை எதிர்ப்பு 2004 என்னும் போட்டிக் கூடலும் நடந்தது. எனவே நாம் எழுப்பும் வினா புதியதும் அன்று. நம் சமுதாயத்துக்கு மட்டுமே உரியதும் அன்று.

இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில்

இவ்வினாவுக்கு நம் மரபில் ஒரு தெளிவான அளவுகோல் உண்டு. நபித்துவத்துக்கு முந்திய மக்காவில், யமனிலிருந்து வந்த ஸபீத் குலத்து வணிகர் ஒருவர் தம் சரக்கை ஆஸ் இப்னு வாயில் என்னும் செல்வாக்குமிக்க குறைஷித் தலைவருக்கு விற்றார். சரக்கைப் பெற்றுக்கொண்ட ஆஸ் விலையைத் தர மறுத்தார். அயலூரவரான அவ்வணிகருக்கு மக்காவில் குலத்துணை இல்லை. பல வாசல்களையும் தட்டிப் பயனின்றி, அவர் அபூ குபைஸ் மலைமீது ஏறி, கஅபாவின் அருகே அமர்ந்திருந்த குறைஷியரை நோக்கித் தம் முறையீட்டைக் கவிதையாக உரக்க எடுத்துரைத்தார். அக்குரலைக் கேட்டுப் பொறுக்காமல் எழுந்தவர் நபி (ஸல்) அவர்களின் பெரிய தந்தையாரான ஸுபைர் இப்னு அப்துல் முத்தலிப். ஹாஷிம், முத்தலிப், அஸத், ஸுஹ்ரா, தைம் ஆகிய குலத்தவர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடினர். மக்காவில் அநீதிக்குள்ளானவர் உள்ளூரவராயினும் வெளியூரவராயினும், அவருடைய உரிமை மீளும்வரை ஒரே கையாக அவர் பக்கம் நிற்பதென்று உறுதிபூண்டனர். பின்னர் நேரே ஆஸிடம் சென்று, வணிகருக்குரியதை மீட்டுக் கொடுத்தனர். ஹில்ஃபுல் ஃபுதூல் எனப்படும் உடன்படிக்கை இதுவே. இளைஞராக அதில் கலந்துகொண்ட நபி (ஸல்) அவர்கள், அதனைச் செந்நிற ஒட்டகங்களுக்கு ஈடாகவும் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை என்றும், இஸ்லாம் வந்தபின்னும் அதன் பெயரால் தாம் அழைக்கப்பட்டால் செல்வதாகவும் கூறியதாக ஸீரா நூல்கள் பதிவு செய்கின்றன.

இந்நிகழ்வு நம் மேடைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பெரும்பாலும் பிற சமயத்தாரோடு பொதுநன்மைக்காக ஒத்துழைக்கலாம் என்பதற்குச் சான்றாக அது சொல்லப்படுகிறது. அது சரியே. ஆயின் அதன் அமைப்பு போதிய கவனம் பெறுவதில்லை. அக்கூடல் ஒரு தலைப்பிலிருந்து தொடங்கவில்லை; ஒரு மனிதரின் முறையீட்டிலிருந்து தொடங்கியது. முறையிட்டவர் கூடியவர்களின் குலத்தவரும் அல்லர், ஊரவரும் அல்லர். எதிர்த்தரப்பில் இருந்தவரோ அவர்களுடைய சொந்த நகரத்தின் பெருந்தலைவர். அறத்தைப் பொதுவாகப் பாராட்டுவதற்கு எவரும் எதையும் இழக்க வேண்டியதில்லை. தம் நகரத்துப் பெருந்தலைவரின் வாசலுக்குச் சென்று அயலூரவரின் பணத்தைக் கேட்பதற்கு உறவையும் வணிகத்தையும் பணயமாக வைக்க வேண்டியிருந்தது. அவ்விழப்புக்கு ஆயத்தமாக இருந்ததாலேயே அவர்களின் சொல் உடன்படிக்கை ஆயிற்று.

அவ்வுடன்படிக்கை மூன்று தலைமுறைகளுக்குப் பின்னரும் உயிரோடு இருந்தது என்பதற்கு மற்றொரு செய்தி சான்றாகும். ஹுஸைன் (ரலி) அவர்களுக்கும் மதீனாவின் ஆளுநர் வலீத் இப்னு உத்பாவுக்கும் இடையே ஒரு சொத்து குறித்து வழக்கு எழுந்தது. ஆளுநர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்த முனைந்தபோது, பள்ளிவாசலில் நின்று ஹில்ஃபுல் ஃபுதூலின் பெயரால் மக்களை அழைப்பேன் என்று ஹுஸைன் (ரலி) எச்சரித்தார். அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) உள்ளிட்டோர் அவ்வழைப்புக்குத் துணைநிற்பதாக அறிவித்தனர். ஆளுநர் இணங்கி வந்தார். ஒருமுறை கூடியதன் நினைவே ஓர் அதிகாரியைத் தடுத்து நிறுத்தியது. நம் கூடல்களில் எதன் நினைவு இன்று எவரைத் தடுக்கிறது?

பட்டறை என்னும் சொல்

நாம் வழங்கும் பயிற்சிப் பட்டறை என்னும் தொடரில் பட்டறை என்பது கொல்லரின் இடம். அங்கு நுழையும் இரும்பு நுழைந்தபடியே வெளியே வருவதில்லை. உலையும் சம்மட்டியும் இல்லாத இடத்தைப் பட்டறை என்று எவரும் அழைப்பதில்லை. சமாதான ஊழியர்களின் பயிற்சியிலும் இச்சொல்லின் முழுப்பொருள் விளங்கிய இடங்கள் உண்டு.

பெஷாவர் அருகிலுள்ள உத்மான்ஸையைச் சேர்ந்த கான் அப்துல் கஃப்பார் கான், 1929இல் குதாயி கித்மத்கார் இயக்கத்தைத் தோற்றுவித்தார். பழிக்குப் பழி என்பதைக் குலப்பெருமையாகக் கருதிய பக்தூன் சமுதாயத்தில், வன்முறையையும் பழிவாங்கலையும் கைவிடுவதாகவும், தீங்கிழைத்தோரை மன்னிப்பதாகவும், நாள்தோறும் இரண்டு மணி நேரமேனும் சமூகப்பணி செய்வதாகவும் ஒவ்வோர் ஊழியரும் சத்தியம் செய்தனர். அவர்களின் முகாம்களில் உரை மட்டும் நிகழவில்லை. ஊர் துப்புரவு, நூல் நூற்றல், அணிவகுப்பு, உடற்பயிற்சி ஆகியன அன்றாடக் கடமைகளாக இருந்தன. இறைவனுக்கு நம் பணி தேவையில்லை, அவன் படைப்புகளுக்குச் செய்யும் பணியே இறைபணி என்னும் கருத்து அங்கு உடலுழைப்பாகக் கற்பிக்கப்பட்டது. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் ஆயுதமற்ற மக்கள்மீது ஆங்கிலப் படை சுட்டபோது, பலர் கலையாமல் நின்று உயிர்நீத்தனர். சந்திர சிங் கட்வாலியும் அவருடைய வீரர்களும் சுட மறுத்ததும் அங்கேதான். பக்தூனியர்களின் அந்தப் பொறுமை ஒரு சொற்பொழிவில் பிறந்திருக்க முடியாது.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்ததும் இத்தகையதே. நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் மூன்றாண்டுகள் பணியாற்றி, காந்தியின் வழிமுறைகளைக் கற்றுத் திரும்பிய பாதிரியார் ஜேம்ஸ் லாசன், 1959இல் கறுப்பின மாணவர்களுக்குத் தேவாலயம் ஒன்றில் பயிற்சி அளித்தார். மாணவர்களுள் சிலர் வெள்ளையராக நடித்து ஏனையோரை இழித்துப் பேசினர். நாற்காலியிலிருந்து கீழே தள்ளினர். ஏனையோர் திருப்பி அடிக்காமலும் எழுந்து ஓடாமலும் இருக்கப் பழகினர். குறிப்பிட்ட கடைகளில், கறுப்பினத்தாருக்கு மறுக்கப்பட்டிருந்த உணவு இருக்கைகளில் அமர்வதே இலக்கு. 1960 பிப்ரவரி 13 அன்று அவர்கள் சென்று அமர்ந்தனர். அடியும் சிறையும் கண்டனர். லாசன் தாம் பயின்ற பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டு மே 10 அன்று நகரின் கடைகள் அவ்விருக்கைகளைத் திறந்துவிட்டன. எதற்காகப் பயிற்சி என்பது முன்னரே தெரிந்திருந்தமையால் எதைப் பயிற்ற வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் பட்டறைகளில் இவ்வரிசை தலைகீழாக உள்ளது. பயிற்சி முதலில் முடிவாகிறது. பயன்படுத்த வேண்டிய இடம் பின்னர் தேடப்படுகிறது. பல நேரங்களில் தேடப்படுவதும் இல்லை.

நம் வாசலில்

உத்மான்ஸையும் நாஷ்விலும் தொலைவில் உள்ளவை என்று கருதுவோர் புதுக்கோட்டையை நோக்கலாம். ஷரீஃபா கானம் நடத்திவந்த ஸ்டெப்ஸ் என்னும் பெண்கள் அமைப்பின் முன்முயற்சியில், 2004ஆம் ஆண்டில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் உருவாயிற்று. தலாக், வரதட்சணை, குடும்ப வன்முறை ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட பெண்களின் வழக்குகள் ஆண்கள் மட்டுமே அமர்ந்த ஊர் ஜமாஅத்துகளில், அப்பெண்களின் சொல் கேட்கப்படாமலே முடிக்கப்பட்டு வந்தன என்பதே அதன் தோற்றத்துக்குக் காரணம். பெண்கள் கூடி முறையீட்டைக் கேட்பதும், எதிர்த்தரப்பை அணுகுவதும், ஊர் ஜமாஅத்தோடும் காவல் நிலையத்தோடும் பேசுவதும் அவர்களின் பணியாயின. இப்பணியைத் தீபா தன்ராஜ் 2011இல் ஆவணப்படமாக்கினார். பெண்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல் அமைக்கும் அவர்களின் திட்டம் உலமாக்களிடையே கடும் மறுப்பை எழுப்பியது. அது பற்றி நம் வாசகர்களிடையேயும் இருவேறு கருத்துகள் இருக்கலாம். ஆயினும் அக்கருத்து வேறுபாட்டின் மறைவில் மையமான உண்மையை நாம் தவறவிடலாகாது. நீதியைப் பற்றி ஆண்டுதோறும் மாநாடு கூட்டிய சமுதாயத்தில், தமக்கு நிகழ்ந்ததைச் சொல்ல இடமின்றிச் சில பெண்கள் தாமே ஒரு சாவடி கட்டிக்கொள்ள நேர்ந்தது. அபூ குபைஸ் மலையேறிய வணிகரின் நிலைக்கும் அவர்களின் நிலைக்கும் எத்துணை வேறுபாடு?

குமணன்சாவடியை அடுத்த பூந்தமல்லியிலும் இவ்வினா நம் எதிரே நிற்கிறது. அங்குள்ள தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று ராஜீவ் காந்தி கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அத்தண்டனையை உறுதிசெய்து, மூவரின் தண்டனையை ஆயுளாக்கி, எஞ்சிய 19 பேரை விடுவித்தது. நால்வருள் ஒருவரான பேரறிவாளன் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். அதுவரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருடைய தாயார் அற்புதம்மாள் சிறைவாசலுக்கும் கூட்ட மேடைகளுக்கும் நடந்தார். அக்கொடுஞ்செயலில் உயிரிழந்தோரின் குடும்பங்களும் நீதிக்காகக் காத்திருந்தவர்களே என்பதை மறக்காமல்தான் இதனைக் குறிப்பிடுகிறோம். ஒரு வழக்கின் சுமை எத்தனை வீடுகளின் மீது எத்தனை ஆண்டுகள் அமர்கிறது என்பதை இவ்வொரு நிகழ்வே காட்டுகிறது. தேசியப் புலனாய்வு முகமையின் வழக்குகளும் அவ்வூர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகின்றன. விசாரணைக் கைதிகளைக் காண மாவட்டங்களிலிருந்து வந்து, வாய்தா தேதியைக் கேட்டுத் திரும்பும் தாய்மாரும் மனைவியரும் எச்சமயத்தாராயினும், குற்றம் மெய்யாயினும் பொய்யாயினும், அவர்கள் மீது எந்தக் குற்றமும் இல்லை. அந்நீதிமன்றத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் நீதி குறித்து ஒரு பட்டறை நடக்குமானால், அவர்களுள் ஒருவருக்கேனும் அங்கு இருக்கை இருக்குமா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். முறையீடுகளைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை, சட்ட உதவி மையங்களின் வேலை; சிந்தனையைத் தெளிவாக்குவதே கூடல்களின் வேலை என்று சிலர் கூறலாம். சிந்தனைத் தெளிவு தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நீதி பற்றிய சிந்தனை, அநீதிக்குள்ளானவரின் வாய்மொழியைக் கேளாமல் தெளிவடைவதில்லை. வரதட்சணை பற்றி நூறு உரைகள் கேட்டவர், தம் உறவினர் வீட்டிலேயே அது கேட்கப்படும்போது என்ன செய்வது என்று ஒருமுறையும் பழகாவிட்டால், அத்திருமணத்திலும் அமைதியாக உண்டு எழுவார். மற்றொரு மறுப்பு அச்சத்தைச் சார்ந்தது. குறிப்பான வழக்கைத் தொட்டால் காவல்துறையின் கண்ணும் அண்டையாரின் பகையும் வந்துசேரும் என்பது வெற்று அச்சமன்று. ஆயினும் 2020 பிப்ரவரியில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகச் சென்னை வண்ணாரப்பேட்டைத் தெருவில் இரவும் பகலும் அமர்ந்த பெண்கள், காவல்துறையின் தடியடிக்குப் பின்னரும் எழுந்து போகவில்லை. கொரோனா பரவிய மார்ச் மாதத்தில்தான் அப்போராட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அவர்களுள் பலர் எந்தப் பட்டறையிலும் சான்றிதழ் பெற்றவர்கள் அல்லர். தம் பிள்ளைகளின் பெயர் நாளை எந்தப் பட்டியலில் இருக்கும் என்னும் கவலையே அவர்களை அங்கு அமர்த்தியது.

எனவே புதிய அமைப்புகளையோ பெரிய மாநாடுகளையோ நாம் வேண்டவில்லை. இப்போது நடைபெறும் கூடல்களே தம் நிகழ்ச்சி நிரலைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். அவ்வட்டாரத்தில் அநீதிக்குள்ளான ஒருவரின் வழக்கிலிருந்து கூட்டத்தைத் தொடங்கலாம். அவர் விரும்பினால் அவரே பேசட்டும், விரும்பாவிட்டால் பெயர் சொல்லாமல் பேசப்படட்டும். அவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கூலி பெறாத வடமாநிலத் தொழிலாளியாகவும் அவர் இருக்கலாம். அதுவே ஸபீத் வணிகரின் பாடம். நண்பகலுக்குப் பின் தாள்களில் தீர்வு எழுதும் நேரத்தில், அவ்வழக்கில் யாரிடம் யார் சென்று எப்படிப் பேசுவது என்பதைப் பழகிப் பார்க்கலாம். மாலையில் தீர்மானங்களுக்கு மாற்றாக, அவ்வழக்கைத் தொடர்வதாக வாக்களிக்கும் ஐந்து பேரின் பெயரை எழுதிக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்தின் வரவேற்புரைக்கு முன்பாக அந்த ஐவரும் எழுந்து, என்ன செய்தோம், எது இயலவில்லை என்று கணக்குச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள் எனில் நான்கு வழக்குகள். எண்ணிக்கையில் சிறிதாயினும், அவற்றுள் ஒன்றில் ஒருவரின் உரிமை மீளுமானால், பாதிக்கப்பட்ட அடுத்தவர் அழைப்பிதழ் இல்லாமலே அம்மண்டபத்தின் வாசலுக்கு வருவார். அவ்வாறு ஒருவர் வந்து நிற்கும் நாளில்தான் அக்கூடல் சாவடி என்னும் பெயருக்கு உரியதாகும்.